ஆவணியில ரொபர்மோரி டைவ்: 28 பாகைத் தண்ணியில பழகின ஆள் 5 பாகைக்கு என்னென்ன ஆயத்தம் செய்யவேணும்?

பண்ணைக்கடல் (யாழ்ப்பாணம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஆவணி மாசம் கனடாவுக்குப் போறன். ஸ்காபரோவில இருக்கிற மச்சான் ஒன்ராறியோவில ஹியூரன் ஏரிக்கரையில இருக்கிற ரொபர்மோரியில உடைஞ்ச கப்பல் பாக்க ரெண்டு நாள் டைவ் பதிஞ்சு வைக்கப்போறாராம். என்னட்ட அட்வான்ஸ்ட் சேர்ட்டிபிகேற் இருக்கு, 60 டைவ் முடிஞ்சுது. எல்லாம் எங்கட பக்கமும் திருகோணமலையும்தான், தண்ணி 27 இலிருந்து 29 பாகை செல்சியஸ். 20 பாகைக்குக் கீழ ஒருநாளும் இறங்கினதில்லை.

இப்ப பாவிக்கிறது: 3 மில்லிமீற்றர் அரைக்கை வெட்சூட் (உள்ளுக்குத் தண்ணி நனையிற ரப்பர் உடுப்பு), 11.1 லீற்றர் அலுமினியச் சிலிண்டர், 6 கிலோ ஈயம். என்ர நிறை 72 கிலோ.

கேள்வி இதுதான். 7 மில்லிமீற்றர் வெட்சூட் காணுமோ, இல்லாட்டி தண்ணி உள்ளுக்கு வராத ட்ரைசூட்தான் வேணுமோ? என்ர ரெகுலேற்றரை (சிலிண்டர்க் காத்தை மூச்சுக்குத் தாற கருவி) கொண்டுபோகலாமோ? ஈயம் எவ்வளவு கூட்டவேணும்? போறதுக்கு முந்தி இஞ்ச இருந்தே என்ன பழகலாம்? கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்கோ.

---

வடதுருவக்காரன் (பேர்கன், நோர்வே):

தம்பி, முதல் ரெகுலேற்றரைப் பாருங்கோ. சூட் பிழைச்சால் குளிரும், நடுங்கும், ஏறி வரலாம். ரெகுலேற்றர் 25 மீற்றரில உறைஞ்சுதெண்டால் ரெண்டு மூண்டு நிமிசத்தில சிலிண்டர் வெறுமையாகும்.

ஏன் உறையுது? சிலிண்டரில 200 பார் அழுத்தத்தில இருக்கிற காத்து ஃபர்ஸ்ட் ஸ்ரேஜில, அதாவது ரெகுலேற்றரில சிலிண்டரோட கொழுவுற பகுதியில, ஒரேயடியாகச் சுற்றுத் தண்ணியின்ர அழுத்தத்துக்கு மேல 10 பார் அளவுக்கு இறங்குது. அப்பிடி விரியிற காத்து கடுமையாகக் குளிரும். எங்கட கடலில சுத்தியிருக்கிற 28 பாகைத் தண்ணி அந்த உலோகத்தைச் சூடாக்கிக் கொண்டிருக்கும். 5 பாகைத் தண்ணிக்கு அந்தச் சக்தி இல்லை. ஸ்பிரிங் இருக்கிற அறைக்குள்ள தண்ணி போனால் அது ஐஸாகி வால்வைத் திறந்தபடி பிடிச்சு வைக்கும். ரெண்டு ஸ்ரேஜுக்கும் இடையில இருக்கிற அழுத்தம் ஏறும், வாயில வைக்கிற செகண்ட் ஸ்ரேஜால காத்து கொட்டும். இன்னொரு வழி செகண்ட் ஸ்ரேஜ். உங்கட மூச்சில இருக்கிற ஈரம் அங்க உறைஞ்சு லீவரைப் பிடிக்கும்.

உங்கட ரெகுலேற்றரை எடுத்துப் பாருங்கோ. ஐரோப்பிய ஈஎன் 250 தரத்தில 10 பாகைக்கு மேலான தண்ணிக்கு மட்டும் எண்ட அடையாளம் அதில பதிச்சிருந்தால் வீட்டில வைச்சிட்டுப் போங்கோ. பிஸ்டன் வகை, அறை திறந்தபடி இருக்கிறது எண்டாலும் அதே கதைதான். அங்க வாடகைக்கு எடுக்கேக்க சீல் பண்ணின டயஃப்ரம் ஃபர்ஸ்ட் ஸ்ரேஜ், உலோக உடம்புள்ள செகண்ட் ஸ்ரேஜ் எண்டு கேளுங்கோ. 10 மீற்றருக்குக் கீழ போறதெண்டால் ரெண்டு வால்வு உள்ள சிலிண்டரில ரெண்டு ஃபர்ஸ்ட் ஸ்ரேஜ் போடுறதுதான் முறை. ஒண்டு கொட்டத் தொடங்கினால் அந்த வால்வைப் பூட்டிப்போட்டு மற்றதில மூச்செடுத்துக் கொண்டு மேல வரலாம். ஒற்றை வால்வெண்டால் அதைப் பூட்டினால் உங்களுக்கு மூச்செடுக்கக் காத்து இராது.

பாவிக்கிற முறையிலயும் பாதி இருக்கு. படகில, கரையில நிண்டு ரெகுலேற்றரில மூச்செடுத்துச் சோதிக்காதேங்கோ. வாயில வைச்சுக்கொண்டு இறங்கி, தலை தண்ணிக்குள்ள போன பிறகு எடுக்கிற முதல் மூச்சு காணும். செகண்ட் ஸ்ரேஜில காத்தைத் திறந்துவிடுற பேர்ஜ் பட்டனை அமத்தாதேங்கோ. பீசீடிக்கு (மிதப்பைச் சரிசெய்யிற காத்துச் சட்டை) காத்து விடேக்க ஒரு செக்கன், பிறகு நிப்பாட்டு, பிறகு ஒரு செக்கன். காத்து விடுறதும் மூச்சு இழுக்கிறதும் ஒரே நேரத்தில நடக்கக் கூடாது. ரெண்டும் சேர்ந்தால் ஃபர்ஸ்ட் ஸ்ரேஜால போற காத்தின்ர அளவு கூடும், கூடினால் குளிரும் கூடும்.

கொட்டத் தொடங்கினால்: வாயை இறுக்கிப் பூட்டாமல் ஒரு பக்கத்தால மிச்சக் காத்தை வெளிய விட்டு, உறிஞ்சி உறிஞ்சி எடுங்கோ. கூட்டாளிக்குச் சைகை. அவற்ர மாற்று ரெகுலேற்றருக்கு மாறுங்கோ. அவர் பின்னால வந்து உங்கட வால்வைப் பூட்டுவார். ஏற்றம் தொடங்கவேணும், டைவ் அதோட முடிஞ்சுது. ஐஸ் கரைஞ்சிட்டுது எண்டு திரும்பவும் கீழ போகக் கூடாது. ஒருக்கா உறைஞ்சது திரும்பவும் உறையும்.

---

ஒன்ராறியோச் சுழியோடி (ஸ்காபரோ):

ரொபர்மோரியைப் பற்றிச் சொல்லுறன். அது ஃபதம் ஃபைவ் தேசிய கடற்பூங்கா. டைவ் செய்யிற ஆக்கள் முதல் பதிஞ்சுபோட்டுத்தான் இறங்கவேணும். பேர் கடற்பூங்கா எண்டாலும் தண்ணி நன்னீர். நன்னீர் 4 பாகையிலதான் ஆகக் கூட அடர்த்தி, ஆனபடியால் ஏரியின்ர அடியில கோடையிலயும் அந்தத் தண்ணிதான் கிடக்கும். ஆவணியில மேல்மட்டம் 18, 20 பாகை. ஒரு ஆழத்தில, 15 மீற்றர் பக்கம் எண்டு வையுங்கோ, ஆனால் காத்தடிச்சால் இந்தக் கோடு மேலயும் கீழயும் அசையும், ரெண்டு மீற்றருக்குள்ள ஒற்றை இலக்கத்துக்கு விழும். முகத்தில ஆரோ அடிச்ச மாதிரி இருக்கும்.

அதனால எந்தக் கப்பல் எண்டதுதான் கேள்வி. ஸ்வீப்ஸ்ரேக்ஸ் 1885 இல தாண்டது, 6 மீற்றர், வெதுவெதுப்பான மேல்தட்டில கிடக்கு. நயாகரா 2 எண்டது 1999 இல வேணுமெண்டு தாட்ட கப்பல், அடி 30 மீற்றர் பக்கம். அரேபியா 1884 இல தாண்டது, 30 மீற்றருக்கும் கீழ, இருட்டும் குளிரும். உங்கட அனுபவத்துக்கு அரேபியா கிட்டவும் வேண்டாம்.

ஈயக் கணக்கு. உப்புத் தண்ணியிலயிருந்து நன்னீருக்கு வரேக்க மொத்த நிறையில 2.5 வீதம் மிதப்பு குறையும். நீங்களும் சாமானும் சேர்ந்து 100 கிலோ எண்டால் 2.5 கிலோவைக் கழியுங்கோ. 7 மில்லிமீற்றர் ரெண்டு துண்டு சூட், ஹூட் (தலைமூடி), கையுறை, பூட்ஸ் எல்லாம் சேர்ந்து 6 இலிருந்து 8 கிலோ கூட்டும். அப்ப அலுமினியச் சிலிண்டரோட 10 அல்லது 11 கிலோவில தொடங்கலாம். இரும்புச் சிலிண்டர் தந்தால் 2, 3 கிலோ குறையும். இது தொடக்கம்தான். தண்ணியில நிண்டு சோதியுங்கோ: பீசீடி வெறுமை, இயல்பான மூச்சைப் பிடிச்சால் தண்ணி கண் மட்டத்துக்கு வரவேணும், வெளிய விட்டால் தாழவேணும். நிறைஞ்ச சிலிண்டரோட சோதிச்சால் அதுக்கு மேல 2 கிலோ போடுங்கோ. 200 பாரிலயிருந்து 50 பாருக்கு வரேக்க அவ்வளவு நிறைக் காத்து தீந்து போகும், பிறகு 5 மீற்றரில நிக்க ஏலாது.

காத்துக் கணக்கை அங்கத்தைய பழக்கத்தில போடாதேங்கோ. குளிரில மூச்சு கூடும். ரெண்டு பேர் ஒரு சிலிண்டரில 30 மீற்றரிலயிருந்து வரவேணும் எண்டு வைப்பம், பதட்டத்தில ஆளுக்கு நிமிசத்துக்கு 25 லீற்றர், ரெண்டு பேருக்கும் 50. கீழ பிசகைச் சரிசெய்ய 2 நிமிசம்: 400 லீற்றர். 5 மீற்றர் வரைக்கும் ஏற 3 நிமிசம்: 410. அங்க 3 நிமிசம் நிக்க: 225. கடைசி ஏற்றம்: 60. கிட்டத்தட்ட 1100 லீற்றர், உங்கட 11.1 லீற்றர் சிலிண்டரில 100 பார். அதாவது அரைவாசிச் சிலிண்டரோட மேல வெளிக்கிடவேணும். 15 மீற்றருக்கு இதே கணக்கு 60 பார் எண்டு வரும். 50 பாரில மேல வந்தால் காணும் எண்ட பழக்கம் 30 மீற்றர்க் குளிர்த் தண்ணிக்குச் சரிவராது.

7 மில்லிமீற்றர் காணுமோ எண்டு கேட்டீங்கள். ஸ்வீப்ஸ்ரேக்ஸுக்குத் தாராளமாகக் காணும். நயாகராவுக்குக் காணாது. வெட்சூட் செய்யிற நியோப்பிரீன் ரப்பர் எண்டது காத்துக் குமிழ். 10 மீற்றரில குமிழ் பாதி, 30 மீற்றரில கால்வாசி. குளிர் கூடுற இடத்திலதான் சூட் மெல்லிசாகுது. மிதப்பும் அதோட போகும், பீசீடிக்கு நிறையக் காத்து விடவேணும், வடதுருவக்காரன் அண்ணை சொன்ன பிரச்சினை அங்கதான் வந்து சேருது.

---

வடதுருவக்காரன்:

மேல சொன்னதோட முழுக்க ஒத்துப்போறன். ட்ரைசூட் பற்றி ஒரு விசயம் மட்டும். படிக்காமல் வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போறது 7 மில்லிமீற்றரோட போறதை விட ஆபத்து. குளத்தில ஒரு பயிற்சியும் வெளித் தண்ணியில ரெண்டு டைவும் உள்ள வகுப்பு எங்கயும் இருக்கு. அதுக்கு ஒரு நாளை ஒதுக்க ஏலுமெண்டால் மச்சானிட்டச் சொல்லி இப்பவே பதியுங்கோ.

வகுப்பில இந்த மூண்டும் கைக்கு வரும் வரைக்கும் விடாதேங்கோ. ஒண்டு, நெஞ்சில இருக்கிற காத்து வால்வு ஒட்டிக்கொண்டு தொடர்ந்து காத்து விட்டால் ஹோஸை இழுத்துக் கழட்டுறது, தடிச்ச கையுறையோட. ரெண்டு, காத்து காலுக்குப் போய்த் தலைகீழாக இழுத்தால் முழங்காலை மடிச்சு உருண்டு நிமிர்றது. மூண்டு, ஏறேக்க இடது தோளில இருக்கிற வால்வை முழுக்கத் திறந்து வைச்சு முழங்கையைத் தோளுக்கு மேல தூக்குறது. சூட்டுக்குள்ள காத்து உடம்பை நெரிக்காத அளவுக்கு மட்டும்.

உள்ளுக்கு ஃபிளீஸ் அல்லது மெரினோ கம்பளி. பருத்தி பெனியன் வேண்டாம், வேர்வையைப் பிடிச்சு வைச்சு குளிரக் குளிர உடம்பில ஒட்டும்.

---

நெய்தல் (மருத்துவர், யாழ்ப்பாணம்):

உடல் சார்ந்த பக்கத்தை எழுதுகிறேன்.

15 பாகைக்குக் கீழான தண்ணீர் தோலில் பட்டதும் மூச்சு தானாகவே பெரிதாக இழுக்கப்படும், பின் ஓரிரு நிமிடங்களுக்கு மூச்சு வேகமாக ஓடும். அந்த நேரத்தில் வாயில் ரெகுலேற்றர் இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போகும். மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ற் இதை 1-10-1 என்று சொல்லிக்கொடுக்கிறார்: பாதுகாப்பு உடையின்றி உறைகுளிர்த் தண்ணீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் பயன்படும் காலம் 10 நிமிடம், நினைவு தவற ஏறத்தாழ 1 மணி. சூட் போட்டவருக்கு இந்த நேரங்கள் நீளும், ஆனால் வரிசை மாறாது. கைதான் முதலில் போகும். விரலின் தோல் 15 பாகைக்குக் கீழே இறங்கினாலே நுணுக்கமான வேலை தடுமாறும். பெருவிரலால் சின்னவிரலின் நுனியைத் தொட முடிகிறதா என்று 5 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். முடியவில்லை என்றால் காத்து எவ்வளவு இருந்தாலும் டைவ் முடிந்தது. நடுக்கம் வரட்டும் என்று காத்திருப்பது பிந்திய அளவுகோல்.

இறங்கியதும் 3 மீற்றரில் ஒரு நிமிடம் நில்லுங்கள். நெற்றியில் குத்துவது போன்ற வலி வந்து போகும், மூச்சும் அடங்கும். ஒரு காதுக்குள் மட்டும் குளிர்ந்த தண்ணீர் போனால் தலை சுழலும், மேல் எது கீழ் எது என்று தெரியாது. கயிற்றையோ கூட்டாளியையோ பிடித்துக்கொண்டு அசையாமல் இருங்கள், காதில் உள்ள தண்ணீர் சூடானதும் சுழற்சி நிற்கும். இதைத் தவிர்க்க, மேல்மட்டத்திலேயே ஹூட்டின் இரு பக்கத்தையும் விரலால் இழுத்து இரண்டு காதுக்கும் ஒன்றாகத் தண்ணீர் விடுங்கள். ஹூட், ட்ரைசூட்டின் கழுத்துச் சீல் (தண்ணீர் புகாமல் இறுக்கும் பட்டை) இரண்டும் கழுத்து நாடியை அழுத்தினால் மயக்கம் வரலாம். படகிலேயே தலை இலேசாக இருந்தால் உடனே மாற்றுங்கள்.

இன்னொன்றைச் சுழியோடிகளே பலர் அறிவதில்லை. குளிரும் இறுக்கமான சூட்டும் இரத்தத்தைக் கைகாலிலிருந்து நெஞ்சுக்குத் தள்ளும். சிலருக்கு, குறிப்பாக உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, நுரையீரலுக்குள் நீர் சுரக்கும். அடையாளம்: உழைப்பில்லாமலே மூச்சுத் திணறல், இருமல், இளஞ்சிவப்பு நுரை. ரெகுலேற்றர் பழுது என்றே ஆள் நினைப்பார். உடனே மேலே, தண்ணீரை விட்டு வெளியே, நிமிர்த்தி இருத்தி, ஒட்சிசன், மருத்துவமனை. அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும், குளிரில் விரல் வெளுத்துப் போகும் தன்மை உள்ளவர்களும் போகுமுன் தங்கள் மருத்துவரிடம் கேட்கவேண்டும்.

வெளியே வந்த பின் நடுங்குபவரின் கைகாலைத் தேய்க்காதீர்கள். ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த உடை, கம்பளித் தொப்பி, காற்றில்லாத இடம். தெளிவாகப் பேசுகிறார் என்றால் இனிப்பான சூடான பிளேன்ரீ. சாராயம் கூடவே கூடாது. நடுக்கம் நின்று, ஆள் உளறத் தொடங்கினால் அது தேறுவதல்ல, மோசமாவது. படுக்க வைத்து, மெதுவாகக் கையாண்டு, அவசர உதவியை அழையுங்கள்.

---

சோளகம் (குருநகர்):

இஞ்ச இருந்து பழகிறதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை, அதை நான் எழுதுறன்.

5 மில்லிமீற்றர் கையுறை ஒண்டு வாங்குங்கோ, கிடைக்காட்டி தடிச்ச தோட்டவேலைக் கையுறையைப் போடுங்கோ. 5 மீற்றர்த் தண்ணியில அதோட ஈயப் பட்டியைக் கழட்டிப் போடுறது, பீசீடி ஹோஸைக் கழட்டிக் கொழுவுறது, கிளிப் திறக்கிறது, சிலிண்டர் வால்வைப் பின்கையால தேடிப் பூட்டுறது. ஒவ்வொண்டும் பத்துத் தரம், கண்ணை மூடிக்கொண்டு. 28 பாகையில ஏலாத வேலை 5 பாகையில ஒருநாளும் ஏலாது.

முகத்துக்கு: மீன் வாடியில ஐஸ் வாங்கி ஒரு பெரிய பேசினில தண்ணியோட கலந்து, 10 பாகை அளவில, மாஸ்க் இல்லாமல் ரெகுலேற்றரால மூச்செடுத்துக்கொண்டு முகத்தை வையுங்கோ. முதல் 15 செக்கன், பிறகு 30, பிறகு ஒரு நிமிசம். பக்கத்தில ஒரு ஆள் நிக்கவேணும். இதய வருத்தம் இருந்தால் செய்யவே கூடாது. மாஸ்க் கழண்டால் மூக்கால இழுக்காமல் இருக்கிறதுக்கு இதுதான் பயிற்சி.

தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கிற பழக்கம் இருந்தால் பயணத்துக்கு முந்தி நிப்பாட்டுங்கோ. லேட்டெக்ஸ் கழுத்துச் சீலுக்கு எண்ணெய் நஞ்சு, வாடகைச் சூட்டைக் கிழிச்சிட்டு வரவேண்டி இருக்கும். கழுத்துச் சங்கிலி, கைநூல் எல்லாம் கழட்டவேணும். சீலுக்குக் கீழ ஒரு முடி அகப்பட்டாலும் தண்ணி கசியும்.

இன்னொண்டு. எங்கட தண்ணியே உடம்பைக் குளிராக்கும் எண்டதை மறக்காதேங்கோ. தண்ணி காத்தை விட ஏறத்தாழ 25 மடங்கு கெதியாகச் சூட்டை எடுக்கும். சங்குக்கும் கடலட்டைக்கும் நாள் முழுக்க இறங்கி ஏறுற ஆக்கள் வாடைக்காத்தில ஈர பெனியனோட படகில குந்தியிருக்கிறது உடம்பு இழந்த சூட்டின்ர கடனைக் கூட்டிக்கொண்டே போகும். ரெண்டு டைவுக்கும் இடையில உடம்பு முழுக்கச் சூடேறாட்டி ரெண்டாவதைத் தொடங்கக் கூடாது. அங்கயும் அதே சட்டம்தான்.

---

பண்ணைக்கடல்:

எல்லாருக்கும் கனக்க நன்றி. மச்சானோட கதைச்சிட்டன். முதல் நாள் 7 மில்லிமீற்றரோட ஸ்வீப்ஸ்ரேக்ஸ், ரெண்டாம் நாள் ட்ரைசூட் வகுப்பு, நயாகரா இந்தமுறை இல்லை. ரெகுலேற்றரில அந்த 10 பாகை அடையாளம் இருக்கு, இஞ்சயே விடுறன். ஒரே ஒரு கேள்வி: மச்சான் பற்றறியில சூடாகிற உள்ச்சட்டை ஒண்டு வைச்சிருக்கிறார், ட்ரைசூட்டுக்குள்ள போடச் சொல்லுறார். போடலாமோ? டைவ் முடிய உடன சுடுதண்ணியில குளிக்கலாமோ?

---

நெய்தல்:

சூட்டுச் சட்டையை இறங்கும்போதே முழுச் சூட்டில் போடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. கீழே சூடாக இருந்தால் இரத்த ஓட்டம் கூடி நைதரசன் அதிகமாக உடம்பில் ஏறும். ஏறும்போது பற்றறி தீர்ந்து குளிர்ந்தால் அது வெளியேறும் வேகம் குறையும். அமெரிக்கக் கடற்படையின் டைவிங் ஆய்வுப் பிரிவு 2007 இல் வெளியிட்ட சோதனையில், கீழே சூடாகவும் ஏறும்போது குளிராகவும் இருந்தவர்களுக்குத்தான் அழுத்தநீக்க நோய் (உடம்பில் கரைந்த வாயு குமிழாவதால் வருவது) அதிகமாக வந்தது. அங்கே குளிர் என்று வைத்தது 27 பாகைத் தண்ணீர், அதாவது எங்கள் கடல். ஆகவே போட்டால் கீழே அணைத்தோ ஆகக் குறைந்த அளவிலோ வையுங்கள், ஏற்றம் தொடங்கும்போது கூட்டுங்கள். சட்டை வேலை செய்யாவிட்டாலும் தாங்கக்கூடிய உள்ளுடுப்பைத்தான் அடிப்படையாகப் போடவேண்டும்.

சுடுதண்ணீர்க் குளிப்பு உடனே வேண்டாம். தோலைத் திடீரென்று சூடாக்கினால் அங்கே கரைந்திருக்கும் வாயு குமிழாகும். உலர்ந்த உடுப்போடு அரை மணிக்கு மேல் இருந்து, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள். வகுப்பு முடிந்த பின் விமானம் ஏற 24 மணி விடுங்கள்.

---

ஒன்ராறியோச் சுழியோடி:

பற்றறியோட விமானம் ஏறினால் அதைப் பெட்டிக்குள்ள போட்டு அனுப்பாதேங்கோ, லித்தியம் எண்டால் கைப்பையில மட்டும்தான் விடுவினம். ஸ்வீப்ஸ்ரேக்ஸுக்குப் போகேக்க ஒரு பிளாஸ்கில கை தாங்கிற சூட்டில தண்ணி கொண்டுபோய், இறங்க முந்தி கையுறைக்குள்ளயும் ஹூட்டுக்குள்ளயும் விடுங்கோ. திரும்பி வர எல்லாச் சாமானையும் கழுவி நல்லாக் காய வைச்சிட்டுப் பொதி பண்ணுங்கோ, எங்கட ஏரியில இருக்கிற வரிச்சிப்பி (zebra mussel) குஞ்சு ஈரத்தில ஒட்டிக்கொண்டு வேற தண்ணிக்குப் போயிடும்.